மோட்டார் சைக்கிள் சரித்திரம் – 9: கவச குண்டலத்தோடு பிறந்த வண்டி

நாட்டிங்ஹாம் நகரத்து ஜார்ஜ் பிரஃப், தம் தகப்பனார் செய்து விற்றுவந்த வண்டியை விட்டு விலகித் தாமே ஒரு வண்டி செய்து அதற்கு ‘பிரஃப் சுப்பீரியர்’ என்று பெயர் சூட்டியதையும், ‘அப்படியானால் நான் செய்வது மட்டமானதோ?’ என்று அந்தப் பெரியவர் கேட்டதாக வழங்கிவரும் கதையையும் சென்ற இதழில் பார்த்தோம். அந்த வண்டி எவ்வளவு உயர்ந்ததாயினும் அதன் என்ஜின் ஓரிடத்தில் வாங்கியது, கியர் வேறோரிடத்தில் வாங்கியது. பிறர் செய்த நல்ல பொருள்களைத் தேர்ந்து சேர்த்த சாமர்த்தியமே பிரஃபின் சாமர்த்தியம். இதற்கு நேர்மாறாக, பிறர் செய்த எதையும் ஏற்க மனமில்லாமல், சட்டம் முதல் சக்கரத்துக்குச் செல்லும் செயின் வரையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தாமே யோசித்த ஒரு மனிதரையும், அவருக்குப் பின்னும் அவர் வண்டியைக் கைவிடாமல் காத்துவரும் அபிமானிகளையும் இந்த இதழில் காண்போம்.

ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் 1875ஆம் ஆண்டில் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், கம்பளி நெசவுக்குப் பேர்போன பிராட்ஃபோர்டு நகரத்தின் மானிங்ஹாம் பகுதியில் பிறந்தவர். கப்பல்களுக்கான நீராவி என்ஜின்களில் தொழில் கற்று, எந்த யந்திரத்தைப் பார்த்தாலும் ‘இதை வேறு விதமாகச் செய்தால் என்ன?’ என்று கேட்கும் சுபாவத்தோடு வளர்ந்த அவர், 1897இல் சைக்கிள் சக்கரத்தை இரு புறமும் கவ்விப் பிடிக்கும் ஒரு பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆயுட்காலத்தில் அவர் பெற்ற காப்புரிமைகள் ஐம்பதுக்கும் மேல். இந்த நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தால் அது பெரிய எண்ணிக்கையாகத் தோன்றாமல் இருக்கலாம்; ஆனால் பெரிய ஆராய்ச்சிக்கூடமோ உதவியாளர் படையோ இல்லாமல், தம் கையாலேயே கடைந்தும் அறுத்தும் பொருத்தியும் பார்த்த ஒரு தனி மனிதரின் கணக்கு அது என்பதை மறந்துவிடக் கூடாது. தாம் செய்த சிறு என்ஜின் ஒன்றை முதலில் ஒரு சைக்கிளில் பொருத்தி, டயரில் உராயும் உருளையால் அதை ஓட்டிப் பார்த்தார். படகிலும் வைத்துப் பார்த்தார். அந்த என்ஜின்கள் டூ-ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. 1904இல் அந்த வகையிலேயே தமக்கென ஓர் என்ஜினுக்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார்.

டூ-ஸ்ட்ரோக் என்றால் என்ன என்பதை நம் நாட்டு வாசகர்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. மைசூரில் தயாரான ஜாவாவும் யெஸ்டியும் நம் தெருக்களில் ஓடிய காலத்தை அறிந்தவர்கள், பெட்ரோல் பங்கில் 2டி ஆயில் கலந்து வாங்கி, கிக்கரை உதைத்து, நீலப் புகையைக் கண்டு பழகியவர்களே. ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் இரண்டு முறை ஏறி இறங்கினால்தான் ஒரு முறை பெட்ரோல் வெடித்து விசை பிறக்கும். டூ-ஸ்ட்ரோக்கிலோ பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் விசை பிறக்கும். வால்வு, அதைத் தூக்கும் தண்டு, அதை அமுக்கும் ஸ்பிரிங் என்ற பரிவாரங்கள் எதுவும் அதற்கு வேண்டியதில்லை; சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களைப் பிஸ்டனே திறந்து மூடிக்கொள்ளும். இந்த முறையைப் பாத் நகரத்து ஜோசப் டே என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வகுத்திருந்தார். ஆயினும் அது சாலை வண்டிக்கு, அதிலும் பந்தய வண்டிக்கு, உரியதென்று அக்காலத்தில் கருதியவர்கள் மிகச் சிலர். ஸ்காட் அந்தச் சிலரில் ஒருவர் மட்டுமல்லர். அந்த அபிப்பிராயத்தின்மேல் தம் ஜீவனத்தையே பணயம் வைத்தவர்.

1908இல் அவர் தம் முழு மோட்டார் சைக்கிளை வடித்துக் காப்புரிமை பெற்று, பின்னாளில் கார் உற்பத்தியில் பெயர் வாங்கிய பிராட்ஃபோர்டு ஜோவெட் சகோதரர்களின் பட்டறையில் முதல் சில வண்டிகளைச் செய்வித்தபோது, இங்கிலாந்துச் சாலைகளில் மற்ற மோட்டார் சைக்கிள்கள் எந்த நிலையில் இருந்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவற்றில் என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தோல் பெல்ட்டுதான் போகும். மழை பெய்தால் அது வழுக்கும். கியர் என்பது ஒன்றே, கிளட்ச் கிடையாது. வண்டியைக் கிளப்ப வேண்டுமானால் அதைத் தள்ளிக்கொண்டே ஓடி, என்ஜின் உயிர் பெற்ற கணத்தில் தாவி ஏறிக்கொள்ள வேண்டும். ஏறத் தவறினால் வண்டி ஒரு பக்கமும் எஜமானர் ஒரு பக்கமுமாகப் போவார்கள். இத்தகைய காலத்தில், காலால் உதைத்துக் கிளப்பும் கிக்கர், காலாலேயே மாற்றும் இரண்டு கியர்கள், பெல்ட்டுக்குப் பதில் செயின், பள்ளம் மேடுகளில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சென்று மீளும் குழாய் வடிவ முன் ஃபோர்க், சிலிண்டரின் தலையைக் குளிர்விக்கத் தண்ணீர், அந்தத் தண்ணீருக்கு ஒரு ரேடியேட்டர் என்று இவ்வளவையும் ஒருங்கே தாங்கி ஒரு வண்டி புறப்பட்டு வந்ததென்றால், அதைக் கவச குண்டலங்களோடு பிறந்த கர்ணனுக்கு ஒப்பிடுவதன்றி வேறு எதற்கு ஒப்பிடுவது? மோட்டார் சைக்கிளில் கிக்கரைக் கொண்டுவந்த பெருமையை இன்றும் பலர் ஸ்காட்டுக்கே தருகிறார்கள். கர்ணனை நான் இங்கே வீண் அலங்காரத்துக்காக இழுக்கவில்லை. அவனுடைய கதையின் பின்பாதியும் இந்த வண்டிக்குப் பொருந்துவதைப் போகப்போகக் காண்பீர்கள்.

அந்த என்ஜினின் உள்ளமைப்பைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். இன்றும் அதன் அபிமானிகள் மாலை வேளைகளில் கூடினால் இதைப் பற்றிப் பேசாமல் கலைவதில்லை. சிலிண்டர்கள் இரண்டு, அருகருகே. அவற்றின் கீழே நட்டநடுவில் ஒரு கனத்த ஃப்ளைவீல். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் கிராங்க் அறை. ஒரு பிஸ்டன் மேலே போகும்போது மற்றது கீழே வரும். ஒரே உரலில் எதிரெதிரே நின்று இரண்டு பெண்கள் உலக்கை மாற்றிப் போடுவதுபோல், ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஓர் அடி விழுந்துகொண்டே இருக்கும். இதனால் இரண்டே சிலிண்டர் கொண்ட அந்த என்ஜின், நான்கு சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் காரின் என்ஜினைப் போலச் சீராகச் சுழலும். ஃப்ளைவீலின் அருகிலிருந்தே இரண்டு செயின்கள் புறப்படும். ஒன்று மெதுவான கியருக்கு, மற்றொன்று வேகமான கியருக்கு. குதிகாலால் அழுத்தினால் ஒன்று பிடிக்கும், கால் விரலால் அழுத்தினால் மற்றொன்று பிடிக்கும், இடையில் விட்டால் இரண்டும் பிடிக்காது. அவ்வளவுதான் கியர் மாற்றும் வித்தை. தண்ணீரைச் சுற்றிவரச் செய்யப் பம்பு கிடையாது. சூடான நீர் தானே மேலேறி ரேடியேட்டருக்குப் போகும், குளிர்ந்தது தானே கீழிறங்கும். கிராங்க் அறைகளின் வெளிப்புறத்தில் சிறு கதவுகள் உண்டு. சாலையோரத்தில் நிறுத்தி அவற்றைக் கழற்றினால் உள்ளே கிராங்கைக் கண்ணால் காணலாம். யந்திரத்தின் அந்தரங்கத்தை உடையவருக்கு இவ்வளவு தாராளமாகத் திறந்து காட்டிய வண்டிகள் அதிகமில்லை.

பெட்ரோல் டேங்க்கை அவர் ஸீட்டுக்குக் கீழே நின்றவாக்கில் வைத்துவிட்டார். இதனால் முன்பக்கம் திறந்திருக்க, நீண்ட பாவாடை அணிந்த பெண்களும் சிரமமின்றி ஏறி அமர முடிந்தது. நம் ஊரில் பிற்காலத்தில் ஸ்கூட்டர் வந்தபோது இந்த வசதியை ஒரு புதுமையாகக் கொண்டாடினோம்.

1908இல் யார்க்‌ஷயரின் வாஸ் பாங்க் என்னும் செங்குத்தான ஏற்றத்தில் நடந்த மலையேற்றப் போட்டியில் ஸ்காட் வண்டி, ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளைத் தோற்கடித்துவிட்டது. தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. ‘எங்கள் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை விசை, அவருடையதில் ஒவ்வொரு சுற்றுக்கும் விசை, இது எப்படிச் சமமான போட்டியாகும்?’ என்று முறையிட, போட்டிகளை நிர்வகித்து வந்த ஆட்டோ சைக்கிள் யூனியன், ஸ்காட் என்ஜினின் கொள்ளளவை 1.32 ஆல் பெருக்கியே கணக்கிட வேண்டும் என்று விதி செய்தது. அதாவது 333 சி.சி. கொண்ட என்ஜின், போட்டியில் ஏறக்குறைய 440 சி.சி. கொண்டதாக நடத்தப்படும். நம் அலங்கார சாஸ்திரத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்று ஓர் அணி உண்டல்லவா, பழிப்பதுபோலப் புகழ்வது? அந்த அணிக்கு இதைவிடச் சுத்தமான உதாரணத்தை எந்தப் புலவரும் எழுதியதில்லை. சாதாரண வியாபாரியாயிருந்தால் அநியாயம் என்று கூக்குரலிட்டிருப்பான். ஸ்காட் ஸ்தாபனமோ அந்தத் தண்டனையையே விளம்பரமாக்கிக்கொண்டது. எதிரிகளே கையொப்பமிட்டுக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் வேறு யாருக்குக் கிடைக்கும்?

அந்தப் பெருக்கல் கணக்கு கைவிடப்பட்ட பின் வந்த வெற்றிகள் அந்த நற்சாட்சிக்கு முத்திரை வைத்தன. மான் தீவில் ஆண்டுதோறும் நடக்கும் டி.டி. பந்தயம் அன்றும் இன்றும் மோட்டார் சைக்கிள் உலகத்தின் கடுஞ்சோதனை. அங்கே 1912ஆம் ஆண்டு சீனியர் பந்தயத்தில் ஃபிராங்க் ஆப்பிள்பீ ஸ்காட் வண்டியில் மணிக்குச் சராசரி 48 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் வென்றார். மறு ஆண்டு டிம் வுட், இரண்டாவதாக வந்த ரட்ஜ் வண்டியை ஐந்தே விநாடிகளில் முந்தி வென்றார். சீனியர் பந்தயத்தில் ஒரு டூ-ஸ்ட்ரோக் வண்டி மறுபடி முதலிடம் பெற்றது 1973இல், ஜாக் ஃபின்ட்லே ஓட்டிய சுஸுகியில். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் நார்ட்டனும் சன்பீமும் பி.எம்.டபிள்யூவும் எம்.வி. அகஸ்டாவும் ஹோண்டாவும் அந்தக் கோப்பையைத் தூக்கிச் சென்றன. அவை எல்லாம் ஃபோர்-ஸ்ட்ரோக்குகளே.

இதற்குள் ஸ்காட் ஸ்தாபனம் பிராட்ஃபோர்டை அடுத்த ஷிப்லியில் புதிய தொழிற்சாலைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. கம்பளிப் பிரபு டைட்டஸ் ஸால்ட் தம் ஆலைத் தொழிலாளர்களுக்காக நிர்மாணித்த ஸால்டேர் கிராமம் அதற்குப் பக்கத்தில்தான். 1914இல் ஆல்ஃபிரட் ஸ்காட் தம் தொழிலாளர்களை அழைத்து, ஷிப்லியிலிருந்து யார்க்‌ஷயர் பள்ளத்தாக்குகளின் சேற்றையும் ஓடைகளையும் கல் முரடுகளையும் கடந்து பர்ன்ஸால் கிராமம் வரை வண்டி ஓட்டிக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று சவால் விட்டார். பதினான்கு பேர் புறப்பட்டார்கள். ஒன்பது பேர் போய்ச் சேர்ந்தார்கள். தொழிற்சாலையின் விளையாட்டாகப் பிறந்த அது ‘ஸ்காட் டிரையல்’ என்ற பெயரில், இடம் மாறி, நடத்துவோர் மாறி, இன்றளவும் நடந்துவருகிறது. அதில் கலந்துகொள்ளும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு ஸ்காட் என்பது ஒரு வண்டியின் பெயர் என்று தெரியும் என்பது சந்தேகமே.

பிறகு வந்தது முதல் உலக யுத்தம். யுத்தத்துக்காக யந்திரத் துப்பாக்கி ஏற்றிய சைட்கார்களைச் செய்துவந்த ஸ்காட்டின் மனம், மெல்ல மோட்டார் சைக்கிளை விட்டு நகர்ந்து, மூன்று சக்கர வண்டி ஒன்றில் பற்றிக்கொண்டது. இங்கேதான் கர்ணனின் பின்பாதிக் கதை தொடங்குகிறது. பிறவியிலேயே தமக்கு வாய்த்ததை அவர் தம் கையாலேயே அறுத்துக் கொடுத்துவிட்டார். 1919இல் தாம் உருவாக்கிய ஸ்தாபனத்திலிருந்தே விலகி, ‘ஸோஷியபிள்’ என்ற விசித்திர வாகனத்தைச் செய்வதற்காக வேறொரு கம்பெனி தொடங்கினார். நான்கு சக்கரக் காரிலிருந்து முன்சக்கரம் ஒன்றை யாரோ களவாடிச் சென்றுவிட்டதுபோல் தோற்றமளிக்கும் அந்த வண்டியில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து போகலாம்; யந்திர சாஸ்திர ரீதியில் அதில் குறை காண்பது கடினம். ஆனால் வாங்குவோர் சாஸ்திரம் பார்த்து வாங்குவதில்லை. அது சில ஆண்டுகளே நிலைத்தது. யார்க்‌ஷயரின் சுண்ணாம்புக்கல் குகைகளுக்குள் இறங்கிப் பார்ப்பது ஸ்காட்டின் பொழுதுபோக்கு. 1923இல் அப்படி ஒரு குகையிலிருந்து மேலேறி, ஈர உடையோடு வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பியவருக்கு நிமோனியா கண்டது. ஐம்பது வயதை எட்டாமலே காலமானார்.

அவர் இல்லாத ஷிப்லி, அவர் விட்டுப்போனதைக் கொண்டு காலம் தள்ளியது. ‘ஸ்குவிரல்’ என்று அணிலின் பெயரை வண்டிக்கு இட்டார்கள். 1926இல் ‘ஃப்ளையிங் ஸ்குவிரல்’ வந்தது. 1924 டி.டி.யில் ஹாரி லாங்மன் இரண்டாவதாகவும், 1928இல் டாமி ஹாட்ச் மூன்றாவதாகவும் வந்தார்கள். வெளிப்பார்வைக்கு யாவும் சௌக்கியமே. ஆனால் உள்ளே நடந்தது வேறு. 1908இல் ஸ்காட் வண்டிக்கு மட்டும் இருந்த கிக்கரும் செயினும் கியரும் 1920களில் எல்லா வண்டிகளுக்கும் வந்துவிட்டன. எல்லோரும் ஓரடி ஓரடியாக முன்னேறி வந்து சேர்ந்த இடத்தில் ஸ்காட் முன்னமே வந்து அமர்ந்திருந்தது, அமர்ந்தபடியே இருந்தது. மூன்று கியர் கொண்ட பெட்டி சேர்ந்தது, சட்டம் கனத்தது, விலை ஏறியது; இலகுவாகத் துள்ளிய பழைய வண்டியின் குணம் குறைந்தது. டூ-ஸ்ட்ரோக் சாஸ்திரத்திலேயே ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. கம்பெனி, பிஸ்டனின் தலையைத் தட்டையாக்கி, புதுக் காற்றைச் சுழலவிட்டுப் பழம்புகையை வெளியேற்றும் நூதன முறையை 1930களில் கையாண்டு முன்னேறியபோதும், ஷிப்லியில் பிஸ்டனின் தலையில் ஸ்காட் வைத்த மேட்டை அப்படியே வைத்திருந்தார்கள். குறைகளோடு பிறந்த வண்டியைத் திருத்தத் துணிவு வரும். முழுமையாகப் பிறந்ததில் கைவைக்க யாருக்கு மனம் வரும்? ஸ்காட்டின் வீழ்ச்சிக்குப் பண நெருக்கடியைப் பலர் காரணம் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அதன் பிறவிப் பூரணமே அதற்குப் பிறவி நோயுமாயிற்று என்பது என் துணிபு.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1931இல் கடன்காரர்கள் வந்தார்கள். லிவர்பூல் நகரத்து ஆல்பர்ட் ரெனால்ட்ஸ் உதவ முன்வந்தார். மூன்று சிலிண்டர் வண்டி ஒன்று வந்து, விரல்விட்டு எண்ணும் அளவே செய்யப்பட்டு மறைந்தது. இரண்டாம் யுத்தத்துக்குப் பின் மறுபடி உற்பத்தி தொடங்கி, 1950இல் ஷிப்லி தொழிற்சாலை கதவடைத்தது. பெயரையும் உரிமைகளையும் வாங்கிய பர்மிங்ஹாம் நகரத்து மாட் ஹோல்டர், 1956 முதல் சொற்ப எண்ணிக்கையில் வண்டிகள் செய்து விற்றார். 1970களில் ஜார்ஜ் ஸில்க் என்பவர் டார்பி நகரத்தருகே ஸ்காட்டின் கருத்தையே புதுப்பித்து 653 சி.சி. வண்டி ஒன்றைச் செய்தார். 138 வண்டிகளோடு 1979இல் அதுவும் நின்றது.

வியாபாரத்தில் இப்படிச் சீரழிந்த வண்டி எப்படி இன்னும் சாலையில் ஓடுகிறது என்றால், அதற்கு விடை அபிமானிகள்தாம். பழைய வண்டிகளைப் பழைய இரும்பாகக் கருதிய காலத்திலேயே, 1946இல், இங்கிலாந்தில் வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் தோன்றிவிட்டது. 1931க்கு முற்பட்ட வண்டிகளுக்கே அதில் இடம் என்பது தொடக்கத்தில் அவர்கள் வகுத்த விதி. 1958இல் ஸ்காட் வண்டி வைத்திருப்போர் தமக்கென்றே ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். கடையில் கிடைக்காத உதிரிப் பாகங்களைச் செய்வித்துத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் வழக்கமே இத்தகைய சங்கங்களின் உயிர்நாடி. ஸ்காட் என்ஜினில் கிராங்க் அறையின் காற்றுக்கட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் வண்டி கிளம்பாது என்பதால், பாகத்தைச் செய்தால் மட்டும் போதாது, பொருத்தும் பக்குவமும் கைமாறியாக வேண்டும்.

இவர்களுக்குள் சைவ வைணவச் சண்டையும் உண்டு. ஆல்ஃபிரட் காலத்து இரண்டு கியர் வண்டியே ஸ்காட், மற்றதெல்லாம் வெறும் பெயரளவே என்பார் ஒரு சாரார். நெடுந்தூரம் போக மூன்று கியர் ஃப்ளையிங் ஸ்குவிரல்தான் லாயக்கு என்பார் மற்றொரு சாரார். பர்மிங்ஹாம் வண்டியை ஸ்காட் என்று ஏற்கலாமா என்பதில் இன்னொரு வழக்கு. ஆனால் அந்தச் சப்தத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் மூன்று சாராரும் ஒன்றாகிவிடுவார்கள். மெல்லப் போகும்போது கொழகொழவென்று தடுமாறி, ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருகத் தெளிந்து, இறுதியில் நீண்ட ஊளையாக எழும் அந்த ஒலி, யெஸ்டியின் படபடப்போ ஆர்.எக்ஸ். 100இன் கீச்சொலியோ அன்று. ஜெஃப் க்ளூ 1974இல் ஸ்காட் வண்டியின் சரித்திரத்தை எழுதியபோது, நூலின் பெயரிலேயே அந்த ஊளையைச் சேர்த்துவிட்டார். முன்காலத்து வண்டிகளில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக என்ஜினுக்குள் விழும். சொட்டு குறைந்தால் பிஸ்டன் இறுகும், கூடினால் பின்னால் வருபவர் புகையில் மறைவார். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தால் இறங்கி நிற்க வேண்டும். இத்தனை உபசாரங்களையும் அவர்கள் சிரமமாகச் சொல்வதில்லை. கோயில் யானையைக் குளிப்பாட்டும் பாகன் அலுத்துக்கொள்வதுபோல, அலுப்பும் பெருமையும் கலந்தே சொல்வார்கள்.

1915க்கு முற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்காக மட்டும் லண்டன் புறத்திலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை ஆண்டுதோறும் நடக்கும் பயனியர் ரன் என்ற பவனியில் ஸ்காட் வண்டிகளும் வருவதுண்டு. பெல்ட் வண்டிக்காரர்கள் தள்ளிக்கொண்டு ஓடித் தாவி ஏறும் அந்தக் கூட்டத்தில், ஸ்காட்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே கிக்கரை ஓர் உதை உதைத்துக் கிளம்பிப் போவார்.

இங்கிலாந்துக்குப் போகும் வாய்ப்புள்ள வாசகர்கள், பிராட்ஃபோர்டில் பழைய நூற்பாலை ஒன்றில் அமைந்துள்ள தொழில் அருங்காட்சியகத்தைப் பார்க்கத் தவறக் கூடாது. ஸ்காட் வண்டிகளும் ஜோவெட் கார்களும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அடுத்த இதழில், சப்தமே இல்லாமல் ஓடியதால் இங்கிலாந்துப் போலீஸ்காரர்களுக்குப் பிரியமாகிப்போன வெலோசெட் வண்டியின் கதையைத் தொடங்குவோம்.